ஷமீம் ஆராவைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பாகிஸ்தான் சினிமாவைப் பற்றித் தமிழில் எழுத வருபவர்கள் பெரும்பாலும் பழைய பாடகி-நடிகை நூர்ஜஹானில் தொடங்கி, ஒரே தாவலில் இன்றைய நடிகை மாஹிரா கானிடம் வந்து நிற்கிறார்கள். இடையில் இருக்கும் அரை நூற்றாண்டில் ஷமீம் ஆராவுக்கு நாலு வரி கிடைத்தால் பெரிது. அந்த நாலு வரியிலும் இரண்டு தப்பாக இருக்கும். 1956-ல் திரைக்கு வந்து, 60கள் முழுக்க உருதுப் படங்களின் முன்னணி நாயகியாக இருந்து, 1968-ல் தயாரிப்பாளராகி, 1976-ல் இயக்குநராகி, 90களின் கடைசி வரை படம் எடுத்தவர் அவர். இவ்வளவு நீளமான ஓட்டத்தைச் சுருக்கிச் சொல்லும்போது எதை விடுவது என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. கூடவே, திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சில தகவல் பிழைகளும் இருக்கின்றன. அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

முதல் வில்லங்கம் பெயரில். அவரது இயற்பெயர் புத்லி பாய். 1938-ல் அலிகரில் பிறந்தவர். இந்தப் பெயரைத் தேடினால் முதலில் வருவது காந்தியின் தாயார், அடுத்து சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக்காரி. மூன்று பேருக்கும் பெயரைத் தவிர வேறு ஒட்டு உறவு கிடையாது. ‘ஷமீம்’ என்று மட்டும் தேடினால் இன்னும் சிக்கல். திலீப் குமாரின் முதல் படமான ‘ஜ்வார் பாட்டா’வில் (1944) நடித்த ஷமீம் வேறொருவர். பம்பாயில் பெயர் வாங்கிய அவர், பிற்பாடு இயக்குநர் அன்வர் கமால் பாஷாவை மணந்துகொண்டவர். அதே பாஷா 1958-ல் ‘அனார்கலி’ எடுத்தார். நூர்ஜஹான் நாயகியாக நடித்த அந்தப் படத்தில் துணைப் பாத்திரத்தில் வருபவர் நம் ஷமீம் ஆரா. ஆக, இரண்டு ஷமீம்களையும் ஒருவராக்கி, திலீப் குமாருடன் நடித்துவிட்டுப் பாகிஸ்தான் போனார் என்று எழுதிவிட எல்லா வசதியும் இருக்கிறது. 1944-ல் ஷமீம் ஆராவுக்கு வயது ஆறு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே போதும்.

சக நடிகர்களின் பெயர்களும் இப்படித்தான் ஏமாற்றும். அவரது படங்களின் நடிகர் பட்டியலில் சந்தோஷ் குமார், தர்ப்பண் என்ற பெயர்களைப் பார்த்ததும், இந்திய நடிகர்கள் லாகூர் போய் நடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று தோன்றும். சந்தோஷ் குமாரின் சொந்தப் பெயர் சையத் மூசா ரஸா. தர்ப்பண் அவருடைய உடன்பிறந்த தம்பி. பிரிவினைக்கு முன்பு பம்பாயில் முஸ்லிம் நடிகர்கள் இந்துப் பெயர் வைத்துக்கொண்ட வழக்கம், எல்லை தாண்டியும் சில காலம் தொடர்ந்தது. யூசுஃப் கான் திலீப் குமார் ஆனதை அறிந்த நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

அந்த அண்ணன் தம்பி இருவரும், ஒரே பெண்ணை நேசிக்கும் அண்ணன் தம்பியாக நடித்த படம் ‘நாய்லா’ (1965). பெண், ஷமீம் ஆரா. இதை ‘பாகிஸ்தானின் முதல் வண்ணப் படம்’ என்று எழுதாதவர்கள் குறைவு. மேற்குப் பாகிஸ்தான் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் சரி. அதற்கு ஓராண்டு முன்பே டாக்காவில் ஜஹீர் ரைஹான் ‘சங்கம்’ படத்தை வண்ணத்தில் எடுத்து முடித்துவிட்டார். 1971 வரை டாக்காவும் பாகிஸ்தான்தானே! வங்கதேசம் பிரிந்தபின் கிழக்கில் நடந்ததையெல்லாம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு ‘முதல்’ பட்டம் கொடுக்கும் பழக்கம் பாகிஸ்தானிலேயே உண்டு. அதை அப்படியே வாங்கித் தமிழில் வைப்பதால் பிழை இங்கேயும் குடியேறிவிடுகிறது.

இன்னொரு ‘முதல்’, முதல் பெண் இயக்குநர் என்பது. அதுவும் தவறு. 1951-ல் வெளிவந்த ‘சன் வே’ என்ற பஞ்சாபிப் படத்திலேயே இயக்குநராக நூர்ஜஹானின் பெயர் இருக்கிறது. ஷமீம் ஆரா முதன்முதலாக இயக்கிய ‘ஜியோ அவுர் ஜீனே தோ’ 1976-ல் வந்தது. அதே 1976-ல் இன்னொரு நடிகையான சங்கீதாவும் ‘சொசைட்டி கேர்ள்’ படத்தின் மூலம் இயக்குநரானார். ஒரே ஆண்டில் இரண்டு நடிகைகள் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்ததும், இருவரும் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டதும்தான் இதில் சுவையான செய்தி. அதை விட்டுவிட்டு யார் முதல் என்று அடித்துக்கொள்வதில் என்ன இருக்கிறது?

படப் பெயர்களில் தமிழ் வாசகர்கள் குறிப்பாக இடறும் இடம் ஒன்று உண்டு. ‘ஹாத்தி மேரே சாத்தி’ என்றால் நமக்குச் சாண்டோ சின்னப்பா தேவர்தான். ‘தெய்வச் செயல்’ என்று தமிழில் எடுத்து, அதையே 1971-ல் ராஜேஷ் கன்னாவை வைத்து இந்திக்குக் கொண்டுபோய், மறுபடி எம்.ஜி.ஆரை வைத்து ‘நல்ல நேரம்’ ஆக்கிய தேவர். ஷமீம் ஆரா இயக்கிய ‘ஹாத்தி மேரே சாத்தி’ 1993-ல் வந்த பாகிஸ்தான் படம், ரீமா நடித்தது. ஒரே பெயர் என்பதற்காகத் தேவர் படத்தை ஷமீம் ஆரா கணக்கில் எழுதுவதும், அவர் படத்தின் சுவரொட்டி என்று ராஜேஷ் கன்னா படத்தைப் போடுவதும் வேண்டாம். ‘தேவதாஸ்’ விஷயமும் இதுவே. நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்தது 1953-ல். பாகிஸ்தானில் ஹபீப் தேவதாஸாகவும் ஷமீம் ஆரா பார்வதியாகவும் நடித்தது 1965-ல். ‘ஆக் கா தரியா’ (1966) என்ற படத்தைப் பார்த்ததும், குர்ரத்துலைன் ஹைதரின் புகழ்பெற்ற நாவலைப் படமாக்கிவிட்டார்கள் என்று இலக்கிய வாசகர்கள் துள்ளக்கூடும். பெயர் மட்டும்தான் ஒன்று.

பாட்டுக்கு வருவோம். ஷமீம் ஆராவை இன்றும் புதியவர்களிடம் கொண்டு சேர்ப்பது ‘கைதி’ (1962) படத்தில் வரும் உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸின் கவிதைதான். முன்பு தந்த அதே காதலை இனி என்னிடம் கேட்காதே, காதலைத் தவிரவும் உலகில் துயரங்கள் உண்டு என்று சொல்லும் கவிதை. பாடியவர் நூர்ஜஹான், இசை ரஷீத் அத்ரே, திரையில் தோன்றுபவர் ஷமீம் ஆரா. நூர்ஜஹான் நடிகையாகவும் இருந்தவர் என்பதால் அவரே திரையிலும் பாடியதாக நினைப்பவர்கள் உண்டு. மறுபக்கம், ஷமீம் ஆரா பாடகியும்கூட என்று நம்புபவர்களும் உண்டு. சரி, யார் பாடினார்கள் என்பதைத் திருத்திவிடலாம். அந்தக் காட்சியில் நடிகைக்கு இருந்த வேலையைக் கவனிக்காமல் விடுவதுதான் பெரிய குறை. ஃபைஸ் ஒரு காதல் கவிதையாகத் தொடங்கி, பாதியில் கடைத்தெருவில் விலைபோகும் உடல்களையும் புழுதியையும் ரத்தத்தையும் கொண்டுவந்து நிறுத்துகிறார். கேட்பவர் எதிர்பார்த்திருப்பது ஒரு சோகப் பாட்டு. குரலில் அந்தத் திருப்பத்தை நூர்ஜஹான் எளிதாகக் கடந்துவிடுவார். முகத்தில் கடப்பது வேறு வித்தை. 24 வயது நடிகை அதை அழுகையாக்காமல், ஏறக்குறைய அசைவே இல்லாமல் வைத்திருக்கிறார். இந்தியின் சோக நாயகியோடு சேர்த்து, ‘பாகிஸ்தானின் மீனா குமாரி’ என்று முத்திரை குத்துகிறவர்கள் இந்தப் பாடலை ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கலாம்.

இனி, தகவல் பிழை என்று சொல்ல முடியாத, ஆனால் எனக்கு மிகவும் உறுத்தும் தவறு. அவரது வாழ்க்கையை ‘நாயகியாக உச்சம், வாய்ப்பு போனதும் தயாரிப்பு, கடைசியில் மசாலாப் படங்கள்’ என்று மூன்று படிகளில் இறக்கிவிடுவது. தேதிகளே இதற்கு ஒத்துவராது. ‘லாகோன் மே ஏக்’ வந்தது 1967-ல். இந்தியாவுடன் போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், பிரிவினைக் காலத்து இந்துப் பெண்ணுக்கும் முஸ்லிம் இளைஞனுக்கும் இடையிலான காதலைச் சொன்ன படம். அந்த இந்துப் பெண்ணாக நடித்தவர் ஷமீம் ஆரா. நடிப்பில் அவரது சிறந்த படம் இதுவே என்பது பலரின் கருத்து, என்னுடையதும். அதற்கு மறு ஆண்டே ‘சாய்கா’வைத் தயாரிக்கிறார். அதாவது மார்க்கெட் உச்சத்தில் இருக்கும்போதே, கையில் இன்னும் நாயகி வேடங்கள் இருக்கும்போதே, சொந்தப் படம் எடுக்க இறங்குகிறார்.

எந்தக் கதையில் இறங்கினார் என்பதையும் பாருங்கள். ‘நாய்லா’ ரஸியா பட் எழுதிய நாவல். லட்சக்கணக்கான பெண்கள் வீட்டில் உட்கார்ந்து படித்த வகை எழுத்து, இங்கே தொடர்கதை படித்தார்களே அப்படி. படம் நன்றாக ஓடியது. தன் சொந்தத் தயாரிப்பு என்று வந்ததும் ஷமீம் ஆரா தேர்ந்தெடுத்தது அதே ரஸியா பட்டின் ‘சாய்கா’ நாவலைத்தான். பெண் எழுத்தாளர், பெண் வாசகர்கள், பெண் தயாரிப்பாளர். யாருக்காகப் படம் எடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்த முடிவாகவே எனக்கு இது படுகிறது. நடிகை ஆசைப்பட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட கதை என்று எழுதிப் பழகியவர்களுக்கு இது பிடிபடாது.

அப்புறம் அந்த ‘மிஸ்’ படங்கள். ‘மிஸ் ஹாங்காங்’ 1979, ‘மிஸ் கொழும்பு’ 1984, ‘மிஸ் சிங்கப்பூர்’ 1985, ‘மிஸ் பேங்காக்’ 1986. இடையில் ‘மிஸ் கொழும்பு’வைப் பார்த்து இலங்கைப் படம் என்று முடிவு கட்ட வேண்டாம், அழகிப் போட்டியும் இல்லை. விமர்சகர்கள் இந்தப் படங்களைக் கேலி செய்து தள்ளிவிடுகிறார்கள். இவை கலைப் படைப்புகள் என்று நானும் வாதாடப் போவதில்லை. ஆனால் எந்தச் சூழலில் எடுத்தார் என்பதைச் சொல்லாமல் கேலி மட்டும் செய்வது நியாயமில்லை. 1971-ல் டாக்கா போனதோடு உருதுப் படங்களுக்குக் கிழக்குச் சந்தை போனது. 1977-ல் ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சி வந்து தணிக்கை இறுகியது. 1979-ல் ‘மௌலா ஜட்’ வந்து, சுல்தான் ராஹி நீண்ட பிடிபோட்ட அரிவாளோடு நிற்கும் பஞ்சாபிப் படங்களின் காலத்தைத் தொடங்கி வைத்தது. மிச்சமிருந்த நடுத்தரக் குடும்பங்கள் வீடியோ கேசட்டுக்கு நகர்ந்தன. அந்த நேரத்தில் உருதுவில், ஒரு பெண்ணை மையமாக வைத்து, அவளை வெளிநாட்டுத் தெருக்களில் ஓடவும் சண்டை போடவும் வைத்து, படத்துக்கே அவள் பட்டத்தைப் பெயராக வைத்தவர் ஷமீம் ஆரா. பாப்ரா ஷரீஃப் என்ற நடிகையின் துள்ளலை நம்பி எடுத்த சூதாட்டம் அது. பிறகு ‘லேடி ஸ்மக்ளர்’, ‘லேடி கமாண்டோ’ என்று 80களின் இறுதிவரை அதே பாதையில் போனார். அரிவாள் தூக்கிய ஆண்களின் படங்களுக்குப் பக்கத்துத் திரையரங்கில் இவை ஓடின என்பதை ஒரு வரியாவது எழுத வேண்டும்.

மீதி சின்னச் சின்ன விஷயங்கள். நிகார் விருதை ‘தேசிய விருது’ என்று எழுதுகிறார்கள். அது ‘நிகார்’ என்ற சினிமா வார இதழ் 1957 முதல் வழங்கி வந்த விருது, அரசு கொடுப்பதில்லை. சிறந்த நடிகைக்காக அதை ஒருமுறைக்கு மேல் வாங்கியவர் ஷமீம் ஆரா. திருமணங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது இன்னொரு வழக்கம். மூன்று பத்தியில் இரண்டை அதற்கே கொடுத்துவிட்டு, இயக்கிய படங்களுக்கு ‘முதலிய’ போடுகிறவர்கள், அந்த அளவை மாற்றிக்கொள்ளலாம். கடைசியாக, இறந்த ஆண்டு. 2010-ல் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டதிலிருந்து அவர் பொதுவெளிக்கு வரவில்லை. அதனால் அந்த ஆண்டையே மறைவாகக் குறித்துவிடும் ஆபத்து உண்டு. காலமானது 2016 ஆகஸ்ட் 5, லண்டனில்.