ஹோண்டா 400இஎக்ஸ்: குறைந்த செலவில் காட்டுத்தட டியூனிங்

1999 மாடலாக வந்த ஹோண்டா டிஆர்எக்ஸ்400இஎக்ஸ் என்ற நான்கு சக்கரக் காட்டு வண்டி (ஏடிவி) அமெரிக்கக் காட்டுத் தடங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 397 சிசி, ஏர் கூல்டு, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர், ஐந்து கியர், செயின். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் முதலில் தேடுவது பெரிய சைலன்சரும் 'ரேஸ்' சிடிஐ (இக்னிஷன்) பெட்டியும். வரிசை தலைகீழ். இத்தனை வருடம் சேற்றில் உழன்ற வண்டியில், புதிதாகச் சேர்க்கக்கூடிய பவரைவிட வீணாகிக்கொண்டிருக்கும் பவர்தான் அதிகம். முதலில் அதை மீட்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் கைவேலைதான் செலவு. கீழே உள்ள அளவுகள் இந்த வண்டிக்கானவை. வேலை செய்யும் முறை கார்புரேட்டர் உள்ள எந்த ஸ்போர்ட் ஏடிவிக்கும் பொருந்தும்.

ஏர் ஃபில்டர்

சீட்டைத் தூக்கி, ஏர்பாக்ஸ் மூடியைத் திறந்து, பஞ்சு ஃபில்டரை வெளியே எடுங்கள். கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உட்சுவரில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் நறநறவென்று மண் ஒட்டினால் ஃபில்டர் ஓரத்தில் தூசி புகுந்து பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் எந்த மாற்றமும் வீண். கம்ப்ரெஷன் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பஞ்சை மண்ணெண்ணெயிலோ ஃபில்டர் கிளீனரிலோ அலசி, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பெட்ரோலில் கழுவினால் ஒட்டுப் பசை விட்டுவிடும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. துணி பிழிவதுபோல முறுக்காமல் உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். முறுக்கினால் தையல் பிரியும். காய்ந்தபின் ஃபில்டர் ஆயில் ஊற்றிப் பிசைந்து, நிறம் எங்கும் ஒரே சீராக வந்ததும் மிச்சத்தை அழுத்தி எடுங்கள். இன்ஜின் ஆயில் போட்டால் கொஞ்ச நேரத்தில் கீழே வடிந்து மேல்பக்கம் வறண்டுவிடும். உட்காரும் விளிம்பில் மெல்லிசாக கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

டாப்பெட்

காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, ஐடிலிங் நிற்கவில்லை என்றால் பலர் கார்புரேட்டரைப் பிரிக்கிறார்கள். டாப்பெட்டைத்தான், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான், முதலில் பார்க்க வேண்டும். 'டிக் டிக்' என்று சத்தம் போடும் டாப்பெட்டால் பெரிய கேடில்லை. சத்தமே வராதபடி இறுகிப்போனதுதான் வால்வைக் கருக்கும். வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரெஷன் ஒழுகும், சூட்டைச் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்த வழியில்லாமல் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எரியும்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், ஓர் இரவு நின்ற வண்டி நல்லது. சீட், பெட்ரோல் டேங்க் இரண்டையும் கழற்றி, சிலிண்டர் ஹெட்டில் உள்ள டாப்பெட் மூடிகளைத் திறங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளிவிட்டுப் பிளக்கை எடுத்தால் இன்ஜின் கையால் லேசாகச் சுற்றும். இடதுபக்க மூடியில் உள்ள இரண்டு திருகு மூடிகளையும் திறந்து, கிராங்க்கை இடஞ்சுழியாகத் திருப்பி, உள்ளே தெரியும் 'டி' குறியை (பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டுவது) மூடியின் பள்ளத்துக்கு நேராக நிறுத்துங்கள். பக்கத்திலேயே 'எஃப்' குறி இருக்கும். அது இக்னிஷனுக்கானது, குழப்பிக்கொள்ள வேண்டாம். இப்போது ராக்கர்கள் கையில் லேசாக ஆட வேண்டும். ஆடாமல் இறுகி நின்றால் அது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக். இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

இன்டேக் 0.10 மிமீ, எக்ஸாஸ்ட் 0.12 மிமீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இழுக்கும்போது லேசான பிடிப்பு தெரிய வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே ஒரு துளி திரும்பும், இடைவெளி மாறிவிடும். அதனால் இறுக்கியபின் மறுபடி அளக்காமல் மூடியைப் போடாதீர்கள். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மிமீ.

ஆயில் பார்ப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. இது டிரை சம்ப் இன்ஜின், ஆயில் தனி டேங்கில் இருக்கும். ஆறிய வண்டியில் டிப்ஸ்டிக் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அளவு மிஞ்சி, ஏர்பாக்ஸுக்குள் ஆயில் வந்து நிற்கும். சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வைத்துப் பாருங்கள்.

14 பல் ஸ்ப்ராக்கெட்

பணம் கொடுத்து ஒரே ஒரு பாகம்தான் வாங்க முடியும் என்றால் முன் ஸ்ப்ராக்கெட்டை (செயினை ஓட்டும் பல்சக்கரம்) வாங்குங்கள். கம்பெனியிலிருந்து வருவது முன்னால் 15, பின்னால் 38 பல். அதாவது 2.53 விகிதம். முன்னால் 14 போட்டால் 2.71 ஆகிறது. எல்லா கியரிலும் இழுவை 7 சதவீதம் கூடும், உச்ச வேகம் அதே அளவு குறையும். மரங்களுக்கு இடையே வளைந்து போகும் தடத்தில் உச்ச வேகம் யாருக்கு வேண்டும்? செங்குத்தான ஏற்றத்தில் முதல் கியரில் கிளட்சை அரைகுறையாகப் பிடித்தபடி ஏறுவது குறையும், கிளட்ச் பிளேட் பிழைக்கும். திறந்த மணல்வெளியில் ஓட்டுபவர்கள் 15 பல்லையே வைத்துக்கொள்ளலாம்.

13 பல்லுக்கு இறங்க வேண்டாம். செயின் மிகச் சிறிய வட்டத்தில் மடங்கும், ஸ்விங் ஆர்ம்மீது உள்ள ரப்பரை அறுத்துவிடும்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் நடுப்பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் தெரிகிற அளவுக்குத் தூக்கினால் அந்தச் செயினின் காலம் முடிந்தது. பழைய செயினில் புது ஸ்ப்ராக்கெட் போட்டால் சீக்கிரமே பல் கொக்கிபோலத் தேயும். பல் மாற்றியதும் செயின் லூசாகும். ஆக்சிலைப் பிடிக்கும் நான்கு போல்ட்டையும் தளர்த்தி, ஸ்ப்ராக்கெட் ஓட்டை வழியே ஒரு கம்பியை ஆக்சில் பேரிங் தாங்கிக்குள் செருகி, வண்டியை மெதுவாக உருட்டினால் தாங்கி சுழன்று செயின் இறுகும். ஆள் ஏறி உட்கார்ந்தபின்னும் செயினில் ஆட்டம் மிச்சமிருக்க வேண்டும். வெறும் வண்டியில் கச்சிதமாக இறுக்கினால் குண்டும் குழியும் வரும்போது பேரிங் அடி வாங்கும்.

ஏர்பாக்ஸ் மூடியும் ஜெட்டும்

ஏர்பாக்ஸ் மூடியைக் கழற்றிவிட்டால் இன்ஜின் தாராளமாக மூச்சுவிடும், செலவும் கிடையாது. ஆனால் காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றாமல் மூடியை மட்டும் எடுப்பவர்கள்தான் பிஸ்டனை ஓட்டையாக்குகிறார்கள். ஏர் கூல்டு இன்ஜினுக்கு லீன் (பெட்ரோல் குறைந்த) கலவையின் சூட்டைத் தாங்கும் வசதி குறைவு. சேறும் ஆறும் அதிகமுள்ள தடமென்றால் மூடியை எடுக்கவே வேண்டாம். தண்ணீர் ஏர்பாக்ஸில் புகுந்தால் கதை முடிந்தது.

ஜெட் தொடுமுன் கார்புரேட்டர் சுத்தமா என்று உறுதிசெய்யுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியில் முதலில் அடைபடுவது பைலட் ஜெட், அதாவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறிய ஜெட். சோக் போட்டால்தான் ஐடிலிங் நிற்கிறது என்றால் அதன் அர்த்தம் அதுதான். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்ப்ரே, காற்று அழுத்தம் போதும். வெளிச்சத்தில் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

பிறகு மெயின் ஜெட்டை ஓரிரு அளவு கூட்டி ஆரம்பியுங்கள். ஆக்சிலரேட்டர் முக்கால் பங்குக்கு மேல் மெயின் ஜெட்டின் ராஜ்யம், கால் முதல் முக்கால் வரை கார்புரேட்டர் ஊசி, அதற்குக் கீழே பைலட். ஆகவே எந்தத் திறப்பில் திணறுகிறது என்பதைக் கட்டைவிரல் ஆக்சிலரேட்டர் லீவருக்குப் பக்கத்தில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு ஓட்டுங்கள். நேரான பாதையில் முழுத் திறப்பில் போகும்போது லேசாகக் குறைத்தால் வண்டி முன்னால் பாய்கிறதா? பெட்ரோல் போதவில்லை, பெரிய ஜெட் வேண்டும். மேல் ஆர்பிஎம்மில் கொழகொழவென்று விக்கி, பிளக் கரிபிடித்துக் கறுத்தால் அதிகமாகிவிட்டது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ஜெட்டும் ஊசியும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கடைசியாக, ஐடிலிங் கலவையைச் சீராக்கும் ஃபியூயல் ஸ்க்ரூ. இன்ஜின் நன்றாகச் சூடானபின், ஐடிலிங்கில் மெதுவாகத் திருகி ஆர்பிஎம் அதிகம் ஏறும் இடத்தில் நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவால் 1,400க்குக் கொண்டுவாருங்கள். நல்ல இடம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்தால் பைலட் பெரிது, மூன்று சுற்றைத் தாண்டினால் சிறிது.

உயரமும் கணக்கில் வரும். ஏறக்குறைய 4,000 அடியில் உள்ள யூட்டாவின் மோவாபில் சரியாக ஓடும் ஜெட், கொலராடோவில் 12,800 அடி உயர இன்ஜினியர் பாஸில் பெட்ரோலைக் கக்கும். 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் பவர் எப்படியும் போகும், அதை எந்த ஜெட்டாலும் திருப்ப முடியாது. கீழே இறங்குமுன் பழைய ஜெட்டை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். மேலே வைத்த சிறிய ஜெட் கீழே லீனாக ஓடும்.

சைலன்சர்

வாங்குவதற்குமுன் இருப்பதைச் சுத்தம் செய்யுங்கள். சைலன்சரில் உள்ள சிறிய போல்ட்டைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து சில முறை ஆக்சிலரேட்டரை அழுத்தினால், தீப்பொறி வெளியே போகாமல் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டரில் சேர்ந்த கரி பறக்கும். காய்ந்த புல்லுக்கு அருகில் செய்யாதீர்கள், கையுறை அவசியம். அரெஸ்டரையே பிடுங்கி எறிவது முட்டாள்தனம். அமெரிக்க வனத்துறை நிலத்தில் அது சட்டப்படி கட்டாயம். கலிபோர்னியா, கொலராடோ இரண்டிலும் இந்த வண்டிக்கு 20 அங்குலத் தொலைவில் 96 டெசிபல்தான் வரம்பு.

டயரும் முன் சக்கரமும்

ஏடிவி டயருக்குக் காற்று 4, 5 பிஎஸ்ஐதான். கார் கேஜில் அந்த அளவு சரியாகத் தெரியாது, குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் தனியாக வாங்குங்கள். இடது வலது அரை பிஎஸ்ஐ மாறினாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஹேண்டிலை நேராகக் கட்டிவைத்து, ஆக்சில் உயரத்தில் முன் டயர்களின் முன்விளிம்புகளுக்கும் பின்விளிம்புகளுக்கும் நடுவே டேப் வைத்து அளங்கள். முன் அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் வண்டி தடத்தில் அலையும். சக்கரத்தைத் திருப்பும் டை ராடை இருபுறமும் சம அளவே திருப்புங்கள்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றியும் பாருங்கள். பிரேக் உரசி உடனே நின்றால் பவர் அங்கேயும் கரைகிறது. காலிப்பர் பின்னைக் கழற்றிச் சுத்தம்செய்து கிரீஸ் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முதல் ஓட்டம் முடிந்ததும் நான்கு ஆக்சில் போல்ட், முன் ஸ்ப்ராக்கெட் போல்ட், கார்புரேட்டர் கிளாம்ப், வீல் நட் எல்லாவற்றிலும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.