முதல் ஸ்டேஜை ரேண்டமில் விடாதீர்கள்

ஸ்மாஷ் மெலீ என்ற நின்டெண்டோ சண்டை வீடியோ கேமில் டோர்னமென்ட் நடத்துபவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் ஆட்டத்தின் ஸ்டேஜுக்கு, அதாவது சண்டைக் களத்துக்கு, ரேண்டம் பட்டனை அமுக்குவது. மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய செட்டில், தோற்றவர்தான் அடுத்த ஸ்டேஜைத் தேர்ந்தெடுப்பார். அவரவர் எடுத்த ஸ்டேஜில் அவரவர் ஜெயித்தால் இரண்டாவது ஆட்டம் ஒருவருக்கு, மூன்றாவது மற்றவருக்கு. அந்த மற்றவர் முதல் ஆட்டத்தை ஏற்கெனவே ஜெயித்தவர். ஆக செட்டே முதல் ஆட்டத்தில்தான் முடிவாகிறது, அதைப் போய் குலுக்கலில் விடலாமா? ஒருவர் எடுத்த கேரக்டர் ஃபாக்ஸ், எதிரில் மார்த், விழுந்த ஸ்டேஜ் ஃபைனல் டெஸ்டினேஷன் என்றால் கதை முடிந்தது. தாவி ஏறித் தப்ப ஒரு பிளாட்ஃபார்ம்கூட இல்லாத தரையில் மார்த் ஒருமுறை பிடித்தால் மேலே எறிந்து, விழும்போது மறுபடி பிடித்து, மறுபடி எறிந்து... ஃபாக்ஸ்காரர் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

அதனால்தான் வேண்டாத ஸ்டேஜ்களைக் கழிக்கும் ஸ்ட்ரைக் முறை. பேட்டில்ஃபீல்ட், ஃபைனல் டெஸ்டினேஷன், ட்ரீம் லேண்ட், யோஷிஸ் ஸ்டோரி, ஃபவுன்டன் ஆஃப் ட்ரீம்ஸ் என்ற ஐந்தில் ஆளுக்கு இரண்டைக் கழித்தால் ஒன்று மிஞ்சும். "போக்கிமான் ஸ்டேடியத்தையும் சேர்த்துக்கொள்வோமே" என்று யாராவது நல்லெண்ணத்தில் சொல்வார்கள், சேர்க்காதீர்கள். ஆறில் ஐந்தைக் கழிக்க வேண்டுமென்றால் ஒருவருக்கு மூன்று வாய்ப்பு, இன்னொருவருக்கு இரண்டு. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்தான் கணக்கு நேராகும். போக்கிமான் ஸ்டேடியம் தோற்றவர் எடுக்கும் கவுன்ட்டர்பிக்காகவே இருக்கட்டும், நடு ஆட்டத்தில் உருவம் மாறும் ஸ்டேஜ் வேறு அது.

மாற்றி மாற்றி ஒவ்வொன்றாகக் கழிப்பதும் சரியில்லை. இரண்டாமவர் ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார், கடைசி வார்த்தையும் அவருடையதே. முதலாமவர் ஒன்று, இரண்டாமவர் இரண்டு, மறுபடி முதலாமவர் ஒன்று என்று வையுங்கள். யார் முதலில் என்பதற்கு சா பூ த்ரீ போட்டாலும் சரி, கல் காகிதம் கத்தரி போட்டாலும் சரி.

அப்புறம், கேரக்டரை முடிவு செய்யாமல் ஸ்டேஜைக் கழிக்க விடாதீர்கள். எதிராளி ஜிக்லிபஃப் எடுக்கப் போகிறார் என்று தெரியாமல் ட்ரீம் லேண்டை விட்டுவைத்தவர், அந்த உயரமான கூரையின் கீழ் அது லேசில் சாகாமல் மிதப்பதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். யார் முதலில் கேரக்டரைச் சொல்வது என்று இழுபறி வந்தால், இருவரும் மூன்றாவது ஆளின் காதில் சொல்லட்டும்.

இருவருக்குமே ஒரு ஸ்டேஜ் சம்மதம் என்றால் இத்தனையும் தேவையில்லை, நேராக அங்கேயே ஆடலாம்.