கிராபிக்ஸ் கார்டு மாற்றும் முன்: கொடுக்கும் விலைக்கு ஈடான பயன் திரையில் தெரியுமா?

புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைப்பவர்கள் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். என்விடியாவா, ஏஎம்டியா என்று தொடங்கும் அந்த விவாதம் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகும், கேட்டவரிடம் எந்த மானிட்டர் இருக்கிறது, அவர் அதிகம் விளையாடுவது எந்த விளையாட்டை, அது இப்போது எத்தனை பிரேமில் (நொடிக்கு எத்தனை படங்களை கார்டு வரைகிறது என்ற எண்) ஓடுகிறது என்ற மூன்று விவரங்களும் வெளியே வந்திருக்காது. முப்பதாயிரம் ரூபாயோ அறுபதாயிரம் ரூபாயோ செலவழிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை அந்த மூன்றும்தான். ஒரு கார்டின் பயனை அளக்க வேண்டிய இடம் நம் மேசையில் இருக்கும் மானிட்டர். அதில் தெரியாத வேகத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் அது வீண்செலவு.

முதலில் பழைய கார்டைச் சோதியுங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் அது வேலை செய்யும். விளையாடும்போது திரையின் மூலையில் பிரேம் எண்ணிக்கை, கார்டின் பயன்பாட்டு விழுக்காடு, கார்டின் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது ஆகிய மூன்றும் தெரியும்படி அதை அமைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குள், பிரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வீ-சிங்க், பிரேம் வரம்பு போன்றவை இருந்தால் அணைத்துவிடுங்கள். அவை இயங்கிக்கொண்டிருந்தால் கார்டு சும்மா இருப்பதுபோல் பொய்க்கணக்கு காட்டும். பிறகு நீங்கள் விளையாடும் விளையாட்டிலேயே மிகவும் நெரிசலான ஓர் இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் சுற்றுங்கள்.

கார்டின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால், கார்டு தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துகொண்டிருக்கிறது, புதிய கார்டு உண்மையிலேயே உதவும் என்று பொருள். பயன்பாடு அறுபது, எழுபதில் ஊசலாட, பிரேமும் குறைவாகவே இருந்தால், தடை பிராசஸரிடமோ ரேமிடமோ இருக்கிறது. ஐயம் தீரவில்லையென்றால் ரெசல்யூஷனை, அதாவது படத்தின் பிக்சல் எண்ணிக்கையை, 720பி அளவுக்கு இறக்கிப் பாருங்கள். படம் மங்கிய பிறகும் பிரேம் எண்ணிக்கை ஏறவில்லை என்றால், எவ்வளவு விலையுயர்ந்த கார்டைச் செருகினாலும் அது ஏறப்போவதில்லை.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். நான்கு கோர் பிராசஸர் கொண்ட பழைய கணினியில், சில மாதச் சேமிப்பைக் கொட்டி ஒரு புதிய கார்டைப் பொருத்திவிட்டு, ஆசையோடு விளையாட்டைத் திறந்தேன். ஊருக்கு வெளியே வெட்டவெளியில் பிரேம் இரட்டிப்பானது உண்மைதான். ஆனால் மக்கள் கூட்டம் நிறைந்த கடைவீதிக்குள் நுழைந்ததும், பழைய கார்டில் இருந்த அதே 48 பிரேம், அதே திக்கல். கார்டின் பயன்பாடு 55 விழுக்காட்டில் நின்றது. பத்து நிமிடச் சோதனை ஒன்றை முன்பே செய்திருந்தால், அந்தப் பணத்தில் பிராசஸரையும் மதர்போர்டையும் மாற்றியிருப்பேன்.

வாலரண்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளை மட்டும் ஆடுபவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம். அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிராசஸர்தான்.

மானிட்டர் சொல்வதைக் கேளுங்கள்

1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். அதாவது 4கே என்பது 1080பி-யைப்போல் சரியாக நான்கு மடங்கு. 60 ஹெர்ட்ஸ், 1080பி மானிட்டரை வைத்திருப்பவர், 1440பி-க்கென்று உருவான கார்டை வாங்கி 130 பிரேம் எடுத்தாலும், திரை நொடிக்கு 60 படங்களைத்தான் காட்டும். மவுசின் துலங்கல் சற்று விரைவாகும் என்பதைத் தவிர அவர் கண்ணுக்கு அதனால் பெரிய ஆதாயம் இல்லை. அப்படிப்பட்டவர் பட்ஜெட்டைப் பிரித்து, நடுத்தரக் கார்டு ஒன்றையும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றையும் வாங்கினால் வித்தியாசத்தை முதல் நாளே உணர்வார்.

விலையை எப்படிக் கணக்கிடுவது

அறிமுக விழாவில் சொல்லப்படும் விலை அமெரிக்காவுக்கான, வரி சேராத விலை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 கார்டின் அறிவிப்பு விலை 299 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 26,910 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் சுமார் 31,750 ரூபாய். 549 டாலர் என்று அறிவிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 5070, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 ஆகிய இரண்டுக்கும் இதே கணக்கில் ஏறத்தாழ 58,300 ரூபாய் வருகிறது. கடையில் சொல்லப்படும் விலை இந்தக் கணக்கிலிருந்து ஓரிரு ஆயிரம் மேலே இருந்தால் நியாயம். எட்டாயிரம், பத்தாயிரம் மேலே இருந்தால், அது புதுவரவுக்கான தட்டுப்பாட்டு விலையாகவோ, மூன்று விசிறிகளுக்கும் வண்ண விளக்குகளுக்கும் சேர்த்த விலையாகவோ இருக்கும். ஒரே சிப்பைக் கொண்ட மலிவான மாடலுக்கும் ஆடம்பர மாடலுக்கும் இடையே வேகத்தில் சில விழுக்காடுதான் வேறுபடும். அந்த விளக்குக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு படி மேலான சிப்பே கிடைத்துவிடும் சமயங்களும் உண்டு.

இனி, விலையைப் பிரேமால் வகுக்கும் வழக்கமான கணக்குக்கு வருவோம். அது பயனுள்ளதுதான், ஆனால் ஏற்கெனவே ஒரு கார்டு வைத்திருப்பவருக்கு அது தவறான விடையைத் தரும். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 32,000 ரூபாய்க் கார்டு உங்கள் விளையாட்டில் 70 பிரேம் தருகிறது. 46,000 ரூபாய்க் கார்டு 85 பிரேம் தருகிறது. நேராக வகுத்தால் முதலாவதில் பிரேமுக்கு 457 ரூபாய், இரண்டாவதில் 541 ரூபாய். முதலாவதே மலிவு என்று தோன்றும். ஆனால் இப்போதைய கார்டே 45 பிரேம் தருகிறது, அதை 10,000 ரூபாய்க்கு விற்க முடியும் என்று வையுங்கள். அப்போது முதல் கார்டுக்குக் கையிலிருந்து போவது 22,000. கூடுதலாகக் கிடைப்பது 25 பிரேம். ஆக, பிரேமுக்கு 880 ரூபாய். இரண்டாவதில் 36,000 கொடுத்து 40 பிரேம் கூடுதலாகப் பெறுகிறீர்கள். பிரேமுக்கு 900 ரூபாய். இப்போது இரண்டும் ஏறக்குறைய சமம். பெரிய கார்டு வாங்கத் தயங்கியவருக்கு இந்தக் கணக்கு ஒரு தெளிவைத் தரும். சிறிய மேம்பாட்டுக்காக அடிக்கடி கார்டு மாற்றுபவருக்கு அதுவே ஓர் எச்சரிக்கை.

மதிப்புரைகளைப் பார்க்கும்போது சராசரி பிரேமோடு, மோசமான ஒரு விழுக்காட்டுப் பிரேம் எண்ணையும் (ஓட்டம் மிக மெதுவாகும் தருணங்களின் அளவு) பாருங்கள். சராசரி 80 என்று காட்டும் கார்டு நடுநடுவே 25-க்கு விழுந்தால், விளையாடுபவருக்கு நினைவில் நிற்பது அந்த 25 மட்டுமே.

நினைவகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

விலை வேறுபாடு அதிகம் குழப்பும் இடம் கார்டின் நினைவகமான வீ-ரேம். 2021 பிப்ரவரியில் 329 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி இருந்தது. 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-இலும், 2025-இல் வந்த 5060-இலும் 8 ஜிபிதான். சிப் வேகமாகிக்கொண்டே போக, நினைவகம் மட்டும் பின்னோக்கிப் போன விந்தையை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 8 ஜிபி வடிவில் 379 டாலருக்கும் 16 ஜிபி வடிவில் 429 டாலருக்கும் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூனில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி அதேபோல் 299, 349 டாலர் என்று இரண்டு வடிவங்களில் வந்தது. இரண்டு நிறுவனங்களிலும், அந்தந்தக் கார்டின் இரு வடிவங்களுக்கும் சிப் ஒன்றுதான். நினைவகம் மட்டுமே மாறுகிறது. பெயரும் ஒன்றாகவே இருப்பதால், விலைப்பட்டியலில் ஜிபி எண்ணைப் படிக்காமல் வாங்குபவர் ஏமாறுவது எளிது.

நினைவகம் போதாதபோது நடப்பது இதுதான்: கார்டு தனக்குத் தேவையான படத்துண்டுகளைக் கணினியின் சாதாரண ரேமில் வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும், கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதை வழியே இழுத்துவர வேண்டியிருக்கிறது. திரும்பும்போதெல்லாம் காட்சி அரை நொடி நிற்கும். அல்லது சுவரும் தரையும் களிமண் பூசியதுபோல் மங்கலாக வந்து, சில நொடிகள் கழித்துத் தெளியும். சில விளையாட்டுகள் திக்காமல், சத்தமின்றித் தரத்தைக் குறைத்துவிடுவதால், பிரேம் வரைபடத்தில் இந்தக் குறை தெரிவதே இல்லை. பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ பதினாறு பாதைகளுக்குப் பதிலாக எட்டுப் பாதைகளையே பயன்படுத்துகிறது. ஏஎம்டியின் பி450 போன்ற பிசிஐஇ 3.0 போர்டில் அதைச் செருகினால் அந்த எட்டுப் பாதைகளும் மெதுவானவை, எனவே 8 ஜிபி வடிவம் நிரம்பி வழியும்போது அடி இரட்டிப்பாக விழும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு பாதைகள் கொண்டது என்பதால் பழைய போர்டுக்கு அது பொருத்தம்.

என் கருத்தில், புதிதாக வெளிவரும் பெரிய விளையாட்டுகளை உயர்ந்த அமைப்பில் ஆட விரும்புபவர், 50 டாலர் வித்தியாசத்துக்காக, அதாவது வரியோடு ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்காக, 8 ஜிபி வடிவத்தை எடுக்கக் கூடாது. போட்டி விளையாட்டுகளோடு நிற்பவருக்கு 8 ஜிபி தாராளம்.

இன்டெலின் ஆர்க் பி580, 12 ஜிபியோடு 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்தபோது இந்த விலைப் பிரிவுக்கு அது நல்ல வரவாக இருந்தது. ஆனால், கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத போர்டில் அதன் வேகம் வெகுவாகக் குறையும். பழைய பிராசஸரோடு சேர்ந்தாலும் அதன் வேகம் குறையக்கூடும். குறைந்த விலையில் பழைய கணினிக்கு உயிர் கொடுக்க நினைப்பவருக்கு, விலை எவ்வளவு இழுத்தாலும், அது ஏற்றதல்ல.

விளம்பர வரைபடத்தைப் படிக்கும் முறை

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில், என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 முந்தைய தலைமுறையின் 1,599 டாலர் 4090-க்கு நிகரான வேகம் தரும் என்றார். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 மென்பொருள் கொண்டுவந்த பல்பிரேம் உருவாக்கத்தையும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. உண்மையில் வரையப்படும் ஒவ்வொரு பிரேமுக்கும் மூன்று பிரேம்கள் வரை அந்த நுட்பம் ஊகித்துச் செருகும். அதை அணைத்துவிட்டு ஒப்பிட்டால் 5070, 4090-க்கு வெகு பின்னால் நிற்கிறது.

இந்த வசதி பயனற்றது என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே 60 பிரேம் ஓடும் விளையாட்டை 144 ஹெர்ட்ஸ் திரையில் வழவழப்பாகக் காட்ட அது உதவும். ஆனால் 30 பிரேமை 120 ஆக்கினால், பார்ப்பதற்கு ஓட்டம் சீராக இருந்தாலும், மவுசை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதம் 30 பிரேமுக்கு உரியதாகவே, சில சமயம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே விலையை வகுக்கும்போது செருகப்பட்ட பிரேம்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் அப்ஸ்கேலிங் வேறு வகை. அவை உண்மையான வேகத்தைத் தருவதால் சேர்க்கலாம். எஃப்எஸ்ஆர் 4 ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கென்று வந்தது என்பதைப் பழைய ஏஎம்டி கார்டு வாங்கப் போகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வெளிச்சமும் நிழலும் வரையும் ரே டிரேசிங் இனி அலங்காரம் மட்டும் அல்ல. 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் அந்த வசதி இல்லாத கார்டில் ஓடாது.

மின்சாரம், வெப்பம், பழைய கார்டு

ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 145 வாட், 5070-க்கு 250 வாட், 5090-க்கு 575 வாட் தேவை. நூறு வாட் கூடுதல் கார்டில் தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் ஆண்டுக்கு 110 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கொண்டால் 900 ரூபாய்க்குள்தான். இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. பவர் சப்ளை மாற்ற வேண்டி வருமா என்பதற்குத்தான் கவலைப்பட வேண்டும். ஐந்தாறாயிரம் ரூபாய் அங்கே போனால் அதையும் கார்டின் விலையாகவே எழுதுங்கள். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் 250 வாட் கார்டு ஓடுவது, காலடியில் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொள்வதற்குச் சமம். கேபினெட்டுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டே கடைக்குப் போங்கள்.

பயன்படுத்திய கார்டு வாங்குவதில் தவறில்லை. எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங்கை, அதாவது கார்டுகளைக் கணக்கிட வைத்து நாணயம் ஈட்டும் முறையை, கைவிட்ட பிறகு, இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் பல இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. சென்னை ரிச்சி தெருவிலோ நேரில் ஒருவரிடமோ வாங்கும்போது, கார்டைக் கணினியில் செருகி இருபது நிமிடம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசிறியில் கரகரப்பு, திரையில் வண்ணப் புள்ளிகள், வெப்பம் 85 டிகிரியைத் தாண்டுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லை, வாரன்டி இருக்கிறது என்று சொல்பவரிடம் சீரியல் எண்ணைக் கேட்டு, நிறுவனத்தின் சேவை மையத்தில் நீங்களே விசாரியுங்கள்.

புதிய கார்டை இணையத்தில் வாங்கினால், பெட்டியின் முத்திரையும் சீரியல் எண்ணும் தெரியும்படி வெட்டில்லாத வீடியோவாகப் பிரிப்பதைப் பதிவு செய்யுங்கள். பொருத்திய பிறகு, முன்பு சோதித்த அதே நெரிசலான இடத்துக்குப் போய், அதே மூன்று எண்களையும் மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். மாற்றித் தரும் கெடு முடியும்வரை பழைய கார்டை விற்காமல் வைத்திருங்கள்; புதியது பழுதென்று திரும்பிப் போகும் வாரங்களில் கணினி ஓட வேண்டுமே.