வாடி ரம்மில் ஒரு இரவு: முன்பதிவுக்கு முன் இதைக் கேளுங்கள்

ஜோர்டான் போகிறவர்கள் பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவைப் பார்த்த கையோடு வாடி ரம் பாலைவனத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குவார்கள். துறைமுக நகரமான அகபாவிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 2011 முதல் யுனெஸ்கோ பாரம்பரியக் களம்.

முகாமுக்குப் பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி: "முகாம் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கிறதா, வெளியே டீசி கிராமத்துப் பக்கமா?" படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே இருந்தால் ராத்திரி நிசப்தமும் நட்சத்திரமும் நிச்சயம்.

பகல் சுற்றுலா என்றால் பெடூயின் (பாலைவன அரபுப் பழங்குடி) ஓட்டுநரின் ஜீப்தான். பின்பக்கம் திறந்த வண்டி, இருபுறமும் பெஞ்சு. மணல் கண்ணிலும் காதிலும் பறக்கும். ஒரு பருத்தித் துண்டு போதும், கடையில் விற்கும் விலை உயர்ந்த மாஸ்க் எல்லாம் வேண்டாம். இரண்டு மணி நேரச் சுற்றில் திருப்தி வராது, முழுநாள் எடுங்கள். கஸாலி பிளவுக்குள் பாறையில் செதுக்கிய பழைய உருவங்களையும் உம் ஃப்ரூத் என்ற இயற்கைக் கல்பாலத்தையும் நிதானமாகப் பார்க்கலாம்.

இரவுச் சாப்பாடு ஸர்ப். கோழி, ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கை இரும்புத் தட்டடுக்கில் வைத்து, தணல் நிறைந்த குழியில் இறக்கி, மேலே மணலைப் போட்டு மூடிவிடுவார்கள். குழியைத் திறக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நில்லுங்கள், அந்த வாசனை தனி. சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் குளிர். பாலைவனம்தானே என்று டீ-ஷர்ட்டோடு போகாதீர்கள்; டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் ஸ்வெட்டரும் காலுறையும் இல்லாமல் தூக்கம் வராது.