மாணவர்களைப் பயிற்றும் பன்னாட்டு அகழாய்வைத் திருகோணமலையில் நடத்துவதற்கான வழிகாட்டி

இலங்கையில் தொல்பொருள் தேடி நிலத்தைத் தோண்ட, 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. அது கைக்கு வருமுன் வெளிநாட்டு மாணவர்களை விமானச்சீட்டு வாங்கச் சொல்லாதீர்கள். போர் நடந்த மாவட்டமாதலால், தெரிவுசெய்த காணியில் கண்ணிவெடி ஆபத்து இல்லை என்பதையும் உரிய அதிகாரிகளிடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

வாடைமழையில் குழிகள் குளமாகிவிடும் என்பதால் மே முதல் ஓகஸ்ட் வரையான காலமே ஏற்றது. ஆனால் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மண் விரைவாகக் காய்ந்து, அடுக்குகளின் நிறவேறுபாடு மங்கிவிடும். ஆகவே குழியின் பக்கச்சுவரான வெட்டுமுகத்தை வரைவதற்குச் சற்று முன்பு நீரை மென்மையாகத் தெளிக்க வேண்டும். வேலையை விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறியதும் நிழலுக்கு மாற்றுங்கள்.

பயிற்சிக் களத்தில் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியது மண்வெட்டியல்ல, பதிவேடு. தோண்டிய அடுக்கை மீண்டும் பார்க்க இயலாது என்பதால், அதன் நிறம், தன்மை, உள்ளடக்கம், எதற்கு மேலும் எதற்குக் கீழும் அமைந்தது என்பவற்றை மாணவர் எழுதி, மேற்பார்வையாளர் ஒப்பமிட்ட பின்னரே அடுத்த அடுக்கில் கைவைக்க வேண்டும். உள்ளூர் மாணவர் ஒருவரையும் வெளிநாட்டவர் ஒருவரையும் இணைத்துவிட்டால், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கலைச்சொற்கள் தாமாகவே பரிமாறப்படும். காலக்கணிப்புக்கான கரித்துண்டை விரலால் தொடாமல் சுத்தமான உலோகக் கருவியால் எடுத்து அலுமினியத் தாளில் பொதிய வேண்டும். பானையோடுகளைக் கழுவும் மாலைநேரத்தைத் தண்டனைபோல் நடத்துவோர் உண்டு. ஆனால் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பழங்காலக் கறுப்பு-சிவப்பு மட்கலத்தை இனங்காணும் கண் பழகுவது அங்கேதான். உணவு எச்சத்தை ஆராய அனுப்பவிருக்கும் ஓடுகளை மட்டும் கழுவாமல் ஒதுக்கிவையுங்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய ஊர் இது. இதே மாவட்டத்துத் திரியாயில் பழைமையான பௌத்த விகாரையும் உண்டு. ஒரு செங்கற்சுவர் தலைகாட்டியதுமே "இது யாருடையது?" என்ற கேள்வி வரும். அடுக்காய்வு முடியும்வரை விடை கூறுவதற்கில்லை என்று அயலவருக்கு அகழாய்வின் இயக்குநரே நேரில் விளக்குவதும், மாணவர்கள் களப்படங்களை முகநூலில் இடுவதை எழுத்துமூலம் தடுப்பதும் அவசியம். இதில் தளர்வு காட்டும் குழுவுக்கு அடுத்த பருவம் கிடைப்பது கடினம் என்பேன்.

மழைக்கு முன் குழியின் அடியில் விரிப்பிட்டு மண்ணால் மூடுங்கள். மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டுமானால், அதற்குத் தனி அனுமதி பெற வேண்டும்.