பிசி-பிஎஸ்டி இருந்த பழைய கணினி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ், லினக்ஸ் போல ஓர் இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியைச் சாதாரணப் பயனரும் எளிதில் நிறுவிப் பயன்படுத்த வேண்டும் என்ற நோக்கத்துடன் கிரிஸ் மூர் 2005-இல் தொடங்கியது பிசி-பிஎஸ்டி. அடுத்த ஆண்டே ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ் நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. 2016-இல் ட்ரூஓஎஸ் என்று பெயர் மாறியது; 2020-இல் திட்டமே நிறுத்தப்பட்டது. பெங்களூரில் கட்டற்ற மென்பொருளில் ஈடுபாடு கொண்ட தமிழர்களிலும் இதை விரும்பி நிறுவியவர்கள் உண்டு. அந்தக் கணினிகளில் சில இன்றும் வீட்டு மூலையில் இருக்கின்றன. குடும்பப் படங்களும், ஆண்டு மலருக்காகத் தட்டெழுதிய கட்டுரைகளும் அவற்றின் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. இயங்குதளம் போனால் வேறொன்றை நிறுவிக்கொள்ளலாம். அவசரத்தில் அழித்த கோப்புகளுக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது என்பதால், கீழே சொல்லும் தவறுகள் எல்லாவற்றையும் அந்தக் கண்ணோட்டத்திலேயே பார்க்கிறேன்.

'இன்னும் ஓடுகிறதே' என்று அந்தக் கணினியிலேயே வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் விண்ணப்பிப்பதும் முதல் தவறு. 2020-க்குப் பிறகு கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறை எதற்கும் அதில் திருத்தம் வந்திருக்காது. ஓர் இணையதளம் போலி அல்ல என்று உலாவிக்குக் காட்டுவது அதன் சான்றிதழ். பல தளங்களின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானதால், பழைய மென்பொருள்களில் எச்சரிக்கைகள் தோன்றத் தொடங்கின. அவற்றைப் புறக்கணித்து 'தொடர்க' என்று அழுத்திப் பழகியவர், உண்மையிலேயே போலியான தளம் ஒன்று எதிரே வரும்போதும் அதையேதான் செய்வார். கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி எச்சரிக்கையை மறைப்பதும் தீர்வாகாது. கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, கோப்புகளை வெளியே எடுக்கும் வேலைக்கு மட்டும் அதை இயக்குவதே சரி.

ஃப்ரீபிஎஸ்டியின் இன்றைய தொகுப்புக் களஞ்சியத்தை, அதாவது மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் இடத்தை, அதில் இணைத்துப் புதுப்பிக்க முயல்வதும் அபாயகரமானது. ட்ரூஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டியின் வளர்ச்சிக் கிளையிலிருந்து தனியே உருவாக்கப்பட்டது. அதன் அடித்தளம் பழையதாக இருக்க, புதிய தொகுப்புகளை அதன்மேல் கலந்தால், இதுவரை இயங்கிவந்த கணினி அடுத்த முறை திறக்காமலே போகக்கூடும்.

பெரும்பாலான இழப்புகள் நேரக்கூடிய இடம் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டும் கட்டம். பிசி-பிஎஸ்டியின் பிற்காலப் பதிப்புகள் கோப்புகளை இசட்எஃப்எஸ் முறையில் சேமித்தன. விண்டோஸுக்கு அது புரியாது. டிஸ்க் காலியாக இருப்பதுபோலவோ, வடிவமைக்கச் (ஃபார்மட் செய்யச்) சொல்லியோ விண்டோஸ் காட்டலாம். அதை நம்பி ஒப்புதல் அளித்துவிடக் கூடாது. உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்புகளில் இசட்எஃப்எஸ் ஆதரவு இருக்கிறது. ஆயினும் கோஸ்ட்பிஎஸ்டியை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் துவக்குவதையே நான் பரிந்துரைப்பேன். அதுவும் ஃப்ரீபிஎஸ்டி வழி வந்தது, வரைகலைத் திரையுடன் வருவது, இன்றும் பராமரிக்கப்படுவது.

அங்கே தர வேண்டிய கட்டளை, டிஸ்க்கில் ஏற்கெனவே உள்ள சேமிப்புத் தொகுதியைத் திறக்கும் 'இசட்பூல் இம்போர்ட்' (zpool import). 'இசட்பூல் கிரியேட்' (zpool create) என்று தவறுதலாகக் கொடுத்தால் அதே டிஸ்க்கில் புதிய, வெறுமையான சேமிப்புத் தொகுதி உருவாகிவிடக்கூடும். அப்படி உருவாகிவிட்டால் பழையதை மீட்பது மிகக் கடினம். இம்போர்ட் செய்யும்போதும் இரண்டு ஏற்பாடுகளை மறக்கக் கூடாது. வெறும் வாசிப்புக்கு மட்டும் திறக்கும்படி 'ரீட்ஒன்லி' (readonly) விருப்பத்தைக் கொடுத்தால், தேய்ந்துபோன டிஸ்க்கின்மீது புதிதாக எதுவும் எழுதப்படாது. 'ஆல்ட்ரூட்' (altroot) விருப்பத்தின் மூலம் தனி அடைவு (ஃபோல்டர்) ஒன்றைக் காட்டினால், பழைய கணினியின் அடைவுகள் இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் கணினியின் அடைவுகள்மேல் வந்து அமர்ந்து அதைக் குழப்பாமல் இருக்கும். இந்தத் தொகுதியை வேறொரு கணினி பயன்படுத்தியிருக்கிறது என்ற அறிவிப்பு வந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பழைய கணினியில் முறைப்படி விடுவிக்காமல் கழற்றிய டிஸ்க்குக்கு அது வழக்கமான அறிவிப்பே. வேறெந்தக் கணினியிலும் அது இணைக்கப்படவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, வற்புறுத்தித் திறக்கும் விருப்பத்தைச் சேர்த்தால் போதும்.

திறந்த பிறகு நிலையைக் கேட்டால், சில புதிய வசதிகள் இயக்கப்படவில்லை, 'இசட்பூல் அப்கிரேட்' (zpool upgrade) செய்யலாம் என்ற குறிப்பு தோன்றும். கணினியே சொல்கிறதே என்று பலரும் அதைச் செய்துவிடுகிறார்கள். அந்த மேம்படுத்தலைத் திரும்பப் பெற வழியில்லை. செய்தபின் பழைய பிசி-பிஎஸ்டியால் தன் சொந்த டிஸ்க்கையே படிக்க முடியாமல் போகலாம். எல்லாக் கோப்புகளும் வேறிடத்தில் நகலாகிச் சரிபார்க்கப்படும் வரை அந்தப் பக்கமே போகக் கூடாது.

நிறுவும்போது டிஸ்க்கை, கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்திருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அதற்குப் பயன்பட்ட ஜெலி, ஃப்ரீபிஎஸ்டிக்கே உரிய முறை. லினக்ஸில் வழங்கும் லக்ஸ் முறையோடு அதற்குத் தொடர்பில்லை. ஆகவே உபுண்டுவில் இணைத்துப் பார்த்து 'உள்ளே ஒன்றுமில்லை' என்று தீர்மானிப்பது தவறு. ஃப்ரீபிஎஸ்டி குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தளத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்து முதலில் ஜெலியைத் திறக்க வேண்டும். இசட்பூல் இம்போர்ட் அதற்குப் பிறகுதான். கடவுச்சொல்லை மறந்துவிட்டால், எந்தக் கடைக்காரர் மீட்டுத் தருவதாகச் சொன்னாலும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

மீட்ட தமிழ்க் கோப்புகளில் சில திறந்தவுடன் பொருளற்ற குறிகளாகத் தெரியலாம். அவை கெட்டுப்போன கோப்புகள் என்று நினைத்து நீக்குவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டாப், டாம் என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீடுகளில் எழுதப்பட்டவை அவை. டிஸ்கியில் எழுதிய வெற்று உரைக் கோப்பை லினக்ஸில் பொதுவாக உள்ள ஐகான்வ் கருவியே யூனிகோடாக மாற்றித் தரும். மற்றவற்றுக்கும் மாற்றிகள் இருக்கின்றன. மூலக் கோப்பை வைத்துக்கொண்டு அதன் நகலை மட்டும் மாற்றுங்கள்.

அடுத்து எந்தத் தளத்துக்கு மாறுவது என்பதிலும் கவனம் வேண்டும். ட்ரூஓஎஸ்ஸின் வாரிசாக வந்த ப்ராஜெக்ட் ட்ரைடென்ட் பின்னர் வாய்டு லினக்ஸுக்கு மாறி, அதுவும் நின்றுவிட்டது. பெயர் ஒத்திருக்கும் ட்ரூநாஸ் சேமிப்புச் சேவையகத்துக்கானது, மேசைக் கணினிக்குரியது அன்று.

கடைசியாக, பழைய டிஸ்க்கைப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டின் கணினிக் கடையில் கொடுப்பதற்கு முன் விரைவு வடிவமைப்பு மட்டும் செய்வது போதாது. அது கோப்புகளின் உள்ளடக்கத்தை அழிப்பதில்லை. அதோடு, இசட்எஃப்எஸ் தன் அடையாளக் குறிப்பை டிஸ்க்கின் தொடக்கத்தில் இரண்டும் இறுதியில் இரண்டுமாக நான்கு இடங்களில் எழுதி வைக்கிறது. முன்பகுதி மட்டும் அழிந்தால், இறுதியில் உள்ளவை அப்படியே எஞ்சும். வாங்கியவரின் கணினியில் பழைய தொகுதியின் பெயர் மீண்டும் தலைகாட்டுவது இதனால்தான். முழு டிஸ்க்கையும் சுழியத்தால் நிரப்பிவிட்டே கொடுங்கள். பெரிய டிஸ்க்காக இருந்தால் இரவில் தொடங்கிவிட்டுக் காலையில் பார்க்கலாம்.