ஐஸ்லாந்தில் சொந்தமாகக் கார் ஓட்டிச் சுற்றப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஸ்லாந்தைச் சுற்றி ஓடும் ஒன்றாம் எண் சாலைக்கு ரிங் ரோடு என்று பெயர். நீளம் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு முந்நூறு வீதம் ஓட்டினால் நாலைந்து நாளில் தீவையே வலம் வந்துவிடலாம் என்று பலர் கணக்குப் போட்டு, அதற்கேற்ப ஹோட்டல்களையும் பணம் கட்டி உறுதி செய்துவிடுகிறார்கள். பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

தார்ச்சாலையில் அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், சரளைச் சாலையில் 80, ஊருக்குள் பொதுவாக 50. தலைநகர் ரெய்க்யவிக்கைத் தாண்டினால் பெரும்பகுதி இருவழிச் சாலைதான். அதோடு, வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்? தெற்குக் கரையில் செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் என்ற இரண்டு அருவிகளுக்கே அரை நாள் போய்விடும். பனிப்பாறைகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி ரெய்க்யவிக்கிலிருந்து சுமார் 370 கிலோமீட்டர். அதைக் காலையில் கிளம்பி இரவே திரும்பும் பயணமாக வைத்தால், பத்து மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கழியும். முழுச் சுற்றுக்கு எட்டு நாளாவது வேண்டும், பத்து என்றால் நிம்மதி. கையில் ஐந்து நாள்தான் இருக்கிறதென்றால் வடக்கையும் கிழக்கையும் தயங்காமல் விட்டுவிடுங்கள். தெற்கையும் மேற்கையும் நிதானமாகப் பார்ப்பதே நல்ல பயணம்.

எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு இன்னும் மாறும். ஜூனில் நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் பகல் நாலைந்து மணி நேரம்தான். விடியவே காலை பதினொரு மணி ஆகிவிடும். கோடையில் போய் வந்தவரின் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு குளிர்காலத்தில் போனால், பாதித் தூரத்தை இருட்டில், பனி உறைந்த சாலையில் ஓட்ட வேண்டியிருக்கும்.

வரைபடத்தில் எஃப் (F) என்ற எழுத்தோடு வரும் சாலைகள் தீவின் உட்பகுதியில் உள்ள மலைப்பாதைகள். நான்கு சக்கரங்களையும் எஞ்சின் இயக்கும் (4x4) வண்டி இல்லாமல் அவற்றில் போவது சட்டப்படி குற்றம். பொதுவாக ஜூன் பிற்பகுதிக்கு மேல்தான் அவை ஒவ்வொன்றாகத் திறக்கும். பல இடங்களில் பாலமே கிடையாது, ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் புகுந்து எஞ்சின் போனால் பெரும்பாலான வாடகைக் காப்பீடுகள் ஒரு காசு தராது. ஆறு கடந்து பழக்கமில்லாதவர்கள் லாண்ட்மன்னாலாய்கர் போன்ற இடங்களுக்கு மலைப் பேருந்தில் போகலாம்.

நம்மவர்கள் சற்றும் எதிர்பார்க்காத ஆபத்து காற்று. மழையும் பனியும் கண்ணுக்குத் தெரியும். காற்றின் பலம் கதவைத் திறந்த பிறகுதான் தெரியும். கைப்பிடியை லேசாகத் தள்ளினாலே போதும், கதவைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கிக் கீலை வளைத்துவிடும். இந்தச் சேதமும் பல காப்பீடுகளில் சேராது. வண்டியின் முகத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள். இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு கதவை மட்டும் திறங்கள். பின்சீட்டில் குழந்தைகள் இருந்தால் பெரியவர்கள் இறங்கித்தான் திறந்துவிட வேண்டும். தெற்கில் வீக் ஊருக்குக் கிழக்கே உள்ள கறுப்பு மணல்வெளிகளில் புயல் அடித்தால் மணலே பெயின்ட்டைச் சுரண்டிவிடும். அந்த வழியாகப் போகிறவர்கள் மணலாலும் எரிமலைச் சாம்பலாலும் வரும் சேதத்துக்கான காப்பீட்டைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

தினமும் கிளம்புவதற்கு முன் வானிலை எச்சரிக்கையையும் சாலை நிலவரத்தையும் பாருங்கள். இரண்டையும் அரசே இணையத்தில் ஆங்கிலத்திலும் தருகிறது. எச்சரிக்கையின் நிறம் மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு, சிவப்பு என்றால் அன்று கிளம்பவே வேண்டாம். ஹோட்டல் பணம் போனால் போகட்டும்.

அங்கே ஓட்டுவது வலதுபக்கம். 1968 மே 26 வரை ஐஸ்லாந்தும் நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி எடுத்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆனால் ரவுண்டானாவில் எச்சரிக்கை: இரண்டு தடம் இருந்தால் உள்தடத்தில் இருப்பவருக்கே வெளியேற முன்னுரிமை. ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ஒற்றைத் தடப் பாலங்களும் நிறைய வரும். பாலத்தை முதலில் நெருங்கும் வண்டிக்கு வழிவிடுவது அங்கே வழக்கம். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். படம் எடுப்பதற்காகச் சாலை ஓரத்தில் நிறுத்தவே கூடாது. சாலையை விட்டு விலகி, தரையில் படர்ந்திருக்கும் பாசி மேல் வண்டியை இறக்கினால் அபராதம் கடுமை. அந்தத் தடம் மறையப் பல பத்தாண்டுகள் ஆகும்.

அப்புறம், ஆளில்லாப் பெட்ரோல் பங்குகளில் பின் (PIN) எண் உள்ள கார்டு தேவைப்படும். குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும், பாட்டில் வாங்க வேண்டாம். கேம்பர் வேன் எடுத்தவர்கள் இரவில் முகாம் திடல்களில்தான் தங்க வேண்டும்.

ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைத் தொலைதூர ஊரில் வைக்காதீர்கள். காற்று பலமாக இருந்தால் சாலையையே மூடிவிடுவார்கள். அன்றிரவு ரெய்க்யவிக்கிலோ கெப்லவிக் விமான நிலையத்துக்குப் பக்கத்திலோ தங்கிவிடுங்கள்.